பழங்கற்படி கண்ட பெருமாட்டி: செம்பியன் மாதேவியார்

திருச்சிற்றம்பலம்

புதிதாக ஒரு திருக்கோயில் எடுத்தல் பெரும்புண்ணியம். பழுதுற்ற கோயிலைப் புதுக்கித் திருக்குடமுழுக்குச் செய்வித்தல் அதனினும் பன்மடங்கு பெரும்புண்ணியம் என்று ஆகமம் உணர்ந்த பெரியோர் கூறுவர். புதுக்கோயில் எடுப்பவர்க்குத் தம் அன்பு ஒன்றே வேண்டும். பழங்கோயிலைப் புதுக்குவார்க்கோ, தமக்கு முன்னிருந்தார் அன்பையும் காக்கும் பொறுப்பு உண்டு. அப்பொறுப்பை நம் நாட்டில் முழுதும் உணர்ந்து செய்து காட்டியவர் ஓர் அரசியார். கண்டராதித்த சோழரின் தேவியாரும், உத்தம சோழரின் திருத்தாயாருமாகிய செம்பியன் மாதேவியாரே அவர். அவ்வம்மையாரின் வரலாற்றைத் திருப்பணி அன்பர்கள் கூடும் இந்நன்னாளில் சிந்தித்தல் மிகப் பொருத்தமாம்.

பிறந்த குடியும் புகுந்த குடியும்

செம்பியன் மாதேவி என்பது இவர்க்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. செம்பியன் என்பது சோழரைக் குறிக்கும். சோழர்தம் பெருந்தேவி என்பதே இதன் பொருள். சோழர் குலத்தில் இச்சிறப்புப் பெயர் தாங்கிய தேவியர் பிறரும் இருந்தனர். ஆதலின் பெயரளவில் நின்று ஒருவரை மற்றொருவராகக் கொள்ளுதற்கு இடமுண்டு. ஆயினும் இவ்வம்மையாரைப் பொறுத்தவரை அவ்விடர்ப்பாடு நேர்வதில்லை. தம் அறச்செயல்களைக் கல்லில் பொறித்த இடங்களில், மழவரையர் மகளார் என்று பிறந்த குடியையும், கண்டராதித்த தேவர் தேவியார் என்று புகுந்த குடியையும், உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்தவர் என்று தாம் ஈன்ற மகனையும் இவர் குறிக்கச் செய்தார். தந்தை, கணவர், மகன் என்னும் மூவரையும் ஒருங்கு கூறுதலால், ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னும் இவர் இன்னார் என்று ஐயமின்றி அறிகின்றோம். ஒரு குடியின் வழிமுறையை ஆராய்வார்க்கு இதனினும் நல்ல சான்று வேறு கிடைப்பது அரிது.

மழவரையர் என்போர் மழநாட்டுத் தலைவர். மழநாடு காவிரியின் வடகரையில் திருச்சிராப்பள்ளி, அரியலூர்ப் பகுதிகளைச் சார்ந்தது. புகுந்த குடியோ, முதற் பராந்தக சோழரின் குடி. அம்மன்னரின் மூத்த மகனார் இராசாதித்தர் 949-ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தவாறே உயிர் நீத்தார். அதன்பின் அரசுரிமை இரண்டாம் மகனார் கண்டராதித்தர்க்கு உரியதாயிற்று.

கண்டராதித்தர் வாளினும் திருநீற்றையே பெரிதாக மதித்தவர். தில்லைக் கூத்தப்பெருமானைப் பாடிய இவரது திருவிசைப்பாப் பதிகம் ஒன்பதாந் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. பாண்டிநாடும் ஈழமும் கொண்ட சோழர் தில்லையம்பலத்தைப் பொன்னால் அணிசெய்த செய்தியை அப்பதிகத்துள் இவர் அமைத்துள்ளார். அவ்வாறு செய்தவர் இவர்தம் தந்தையாராகிய பராந்தகரே. பதிகத்தின் முடிவில் தம்மைக் கோழிவேந்தர் என்றும் தஞ்சையர் கோன் என்றும் குறித்துள்ளார். கோழி என்பது உறையூர். தந்தை செய்த திருப்பணியை மகன் திருமுறையில் நிலைபெறுத்தினார். கணவர் பாட்டில் செய்ததை மனைவியார் கல்லில் செய்தார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

செம்பியன் மாதேவியாரைப் பற்றிய பழைய சாசனம் ஒன்று உய்யக்கொண்டான் திருமலையில் உள்ளது. தேவாரத்தில் திருக்கற்குடி எனப் பெறும் தலம் அது. பராந்தகரின் 34-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 941-ஆம் ஆண்டில், இவர் அங்கே திருவிளக்கு அறம் செய்தார். பேரரசின் மருமகளாய், இளமைப் பருவத்தில் ஒரு விளக்கோடு தொடங்கிய அறம், பின்னர் அறுபது ஆண்டுக்காலம் தொடர்ந்தது.

கணவரை இழந்த பின்

கண்டராதித்தர் ஆண்ட காலம் சில ஆண்டுகளே. 957-ஆம் ஆண்டை ஒட்டி அவர் சிவப்பேறு எய்தினார். சாசனங்கள் அவரை மேற்கெழுந்தருளின தேவர் என்று குறிக்கும். அவர் மறைந்த காலத்தில் மகனார் மதுராந்தகர் மிக இளையர் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். அரசுரிமை கண்டராதித்தரின் தம்பியார் அரிஞ்சயர்பால் சென்றது. அவர்க்குப் பின் அவர் மகனார் சுந்தர சோழர் ஆண்டார். சுந்தர சோழரின் மூத்த மகனார் ஆதித்த கரிகாலர் வஞ்சனையால் கொல்லப்பட்டார். அவர் தம்பியார் அருள்மொழிவர்மர், தம் சிறிய தந்தையாகிய மதுராந்தகர்க்கு அரசில் விருப்பம் உள்ளவரையில் தாம் அதனை விரும்புவதில்லை என்று ஒதுங்கி நின்றார் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறும். இவ்வாறு மதுராந்தகர் உத்தம சோழர் என்னும் பெயருடன் அரசெய்தி 985 வரை ஆண்டார். ஒதுங்கி நின்ற அருள்மொழிவர்மரே பின்னர் முதலாம் இராசராசராக விளங்கினார்.

பராந்தகர், கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர், உத்தமர், இராசராசர் என ஆறு மன்னர் ஆட்சியையும் கண்டவர் இவ்வம்மையார். கணவரை இளமையில் இழந்தார். மகன் அரசு பெறாமல் ஆண்டுகள் பல கழிவதைக் கண்டார். குலத்துள் கொலையும் ஐயமும் புகுந்த காலத்தில் வாழ்ந்தார். மகன் மறைந்த பின்னும் உயிர் வாழ்ந்தார். இத்துணைத் துயரங்களுக்கிடையே அவர் பற்றிய பற்றுக்கோடு சிவபெருமான் திருக்கோயிலே ஆயிற்று. மகனார் மறைந்த பின்னர் அரசேறிய இராசராசர் ஆட்சியிலும் இவர்தம் திருப்பணிக்கு இடையூறு நேரவில்லை. அரசுரிமை குடும்பத்தைப் பிரிக்கவல்லது. திருப்பணி அதனை ஒன்றுபடுத்தியது.

செங்கற்றளி கற்றளியாயினமை

மூவர் முதலிகள் பாடிய காலத்தில் சோழநாட்டுக் கோயில்களிற் பெரும்பாலன செங்கல்லும் சுண்ணமும் மரமும் கொண்டு அமைந்தவை. காவிரிச் சமவெளியில் வண்டல் மண் மிகுதி, கல் அரிது. செங்கற்சுவர் மழையிலும் வெள்ளத்திலும் சில நூற்றாண்டுகளில் நைந்துவிடும். ஆலமும் அரசும் அதன்மேல் வேர்கொள்ளும். இந்நிலையில் இருந்த பாடல்பெற்ற தலங்களைக் கற்றளிகளாக மாற்றுவதே அம்மையார் மேற்கொண்ட நோன்பு. தொலைவிலிருந்து கல் கொணர்ந்து, இன்ன கோயில் இன்ன தேவையென்று தெரிந்து இப்பணி செய்வித்தார்.

திருநல்லம் எனப்பெறும் கோனேரிராசபுரம், தென்குரங்காடுதுறை எனப்பெறும் ஆடுதுறை, திருத்துருத்தி எனப்பெறும் குத்தாலம், திருக்கோடிகா, திருவாரூர் அரனெறி, திருமுதுகுன்றம் எனப்பெறும் விருத்தாசலம், ஆனாங்கூர், திருவக்கரை ஆகியன இவர் கைபட்டுக் கல்லாயின தலங்களுட் சில. காவிரிக்கரையிலிருந்து நடுநாடும் தொண்டைநாடும் வரை இவ்வறம் பரவியது. திருமுதுகுன்றத்தில் மூலத்தானம் மட்டுமன்றி, திருமஞ்சன மண்டபமும் கோபுரமும் சுற்றாலையும் பரிவாரக் கோயில்களும் இவர் எடுத்தனவாம்.

கட்டடக் கலையிலும் இவர் காலம் ஒரு திருப்பமாகும். முன்னைய சோழர் கோயில்களில் விமானத்தின் மூன்று புறத்தும் மூன்று கோட்டங்களில் மட்டுமே திருவுருவங்கள் நிற்பது பெருவழக்கு. செம்பியன் மாதேவியார் எடுத்த கோயில்களில் அர்த்தமண்டபச் சுவர்களும் கோட்டங்கள் பெற்றன. கணபதி, கூத்தப்பெருமான், பிட்சாடனர், அம்மையப்பர், கொற்றவை முதலிய திருவுருவங்கள் அங்கே எழுந்தருளின. அர்த்தமண்டபத்தின் தென்புறத்தில் கூத்தப்பெருமானைக் காணும் முறை இவர் கோயில்களில் நிலைபெற்றது. தில்லைக் கூத்தனைப் பாடிய கணவரின் உள்ளம், மனைவியார் எடுத்த ஒவ்வொரு கோயிலின் சுவரிலும் இவ்வாறு உருப்பெற்றது எனல் பொருந்தும்.

திருக்கோடிகாவில் நிகழ்ந்தது

அம்மையார் செய்த பணிகளுள் அடியேன் தலையாயதாகக் கருதுவது ஒன்று உண்டு. திருக்கோடிகாவில் நிகழ்ந்தது அது. தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூர் வட்டத்தில், காவிரியின் வடகரையில், திருநாவுக்கரசர் பாடல் பெற்ற தலம் அது.

உத்தமர் ஆட்சியில் அக்கோயிலைக் கற்றளியாக்கத் தொடங்கியபோது, முற்காலத்து அறங்களைக் கூறும் சாசனங்கள் தனிக்கற்களில் இருத்தல் காணப்பட்டது. அக்கற்கள் புதிய கட்டுமானத்தின் அளவுக்கு ஒத்துவரவில்லை. அக்கற்களைப் புறத்தே தள்ளியிருப்பினும் கேட்பார் எவரும் இலர். திருப்பணி செய்விப்பவர் பேரரசின் தாயார். பழைய அறங்களைச் செய்தவரோ, ஆட்சி இழந்த பல்லவரும் பாண்டியரும், பெயரளவில் அறியப்படும் ஊரவரும் ஆவர். பல்லவ மரபைச் சோழர் வென்று ஒரு நூற்றாண்டு ஆகவில்லை. வென்றவர் வீட்டுப் பெருமாட்டி தோற்றவர் பெயரை ஏன் காத்தல் வேண்டும்?

ஆயினும் அம்மையார் காத்தார். பழங்கற்களிலிருந்த எழுத்துகளைப் படியெடுத்துப் புதிய கற்றளியின் சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். அவ்வாறு வெட்டிய சாசனங்களில், இது பழங்கல்லிலிருந்து எடுத்த படி என்னும் குறிப்பையும் சேர்க்கச் செய்தார். எழுத்து இடம்பெயர்ந்த பின்னர்ப் பயனற்ற கற்கள் கழிக்கப்பெற்றன. கற்கள் போயின, செய்தி நின்றது. பல்லவ மன்னர் நிருபதுங்கவர்மரின் தேவியார் வீரமகாதேவியார் அத்தலத்தில் இரணியகருப்பமும் துலாபாரமும் செய்து பொன் அளித்த வரலாறு இன்று நமக்குத் தெரிதற்குக் காரணம் இப்பெருமாட்டியின் நேர்மையே. ஓர் அரசி செய்த அறத்தை, அக்குலத்தை வென்ற குலத்து அரசி காத்தளித்தார்.

இதன் பயன் வரலாற்று அறிவு மாத்திரமன்று. அக்காலத்தில் ஒருவர் நந்தாவிளக்கு வைக்க விரும்பின், 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு அளிப்பர். இடையர் அவற்றை ஏற்று, குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் பேணி, நாள்தோறும் அளவிட்ட நெய் வழங்குவர். ஆடு மூப்பெய்தினும் இறப்பினும் அறம் மூவாது, சாவாது என்பது கருத்து. வழிவழியாக அந்நெய்யை அளக்குமாறு இடையர் குடியைப் பிணிப்பது கல்லில் உள்ள அச்சில வரிகளே. கல் மறைந்தால் கடமை மறையும். கடமை மறைந்தால் விளக்கு அணையும். நிலக்கொடைக்கும் பொற்கொடைக்கும் இதுவே நிலை. ஆகவே ஒரு பழைய சாசனத்தை அழித்தல் என்பது, என்றோ இறந்த ஒருவர் சிவன் திருமுன் ஏற்றிய விளக்கை ஊதி அணைத்தற்கு ஒப்பாகும். அம்மையார் இதனை நன்கு உணர்ந்திருந்தார்.

திருநல்லத்துச் சிற்பம்

மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள திருநல்லத்தில், உமாமகேசுவரர் திருக்கோயிலை அம்மையார் தம் கணவர் திருப்பெயரால் கற்றளியாக எடுப்பித்தார். தென்சுவரில் ஒரு சிற்பம் உள்ளது. கண்டராதித்தர் சிவலிங்கப் பெருமானைத் தொழும் கோலத்தில் அதன்கண் அமைந்துள்ளார். அதனை அடுத்துள்ள எழுத்து, மகனார் உத்தமர் அரசு செய்யும் காலத்தில், கணவர் பெயரால், இன்னார் இக்கற்றளியை எடுத்து, அதிலே தொழும் கோலத்தில் கண்டராதித்தரை அமைத்தார் என்று விளக்குகின்றது.

அன்பர்கள் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். பொருள் அம்மையாருடையது, முயற்சியும் அவருடையதே. ஆயினும் கோயில் கணவர் பெயரால் நின்றது. காலம் மகன் பெயரால் குறிக்கப்பட்டது. மேலும் அக்கற்றளியைச் சமைப்பித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்னும் அரசரண சேகரன் பெயரும், அவர் பெற்ற இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் பட்டமும் அங்கே பொறிக்கப்பெற்றுள்ளன. கணவரை மறவாத உள்ளம், பணி செய்தவரையும் மறக்கவில்லை. எத்துணையோ பெருங்கோயில்களைக் கட்டுவித்தோர் பெயரை அறிவோம். கட்டியோர் பெயரை அறியோம். திருநல்லத்தில் இருவர் பெயரும் நிற்கின்றன.

ஊர் போற்றிய பெருமாட்டி

நாகப்பட்டினம் மாவட்டத்தில் செம்பியன்மாதேவி என்னும் ஊர் இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது. அங்கே கயிலாயநாதர் திருக்கோயில் உள்ளது. உத்தம சோழரின் தேவியர் பலர், தம் மாமியார் பிறந்த சித்திரைக் கேட்டையை முன்னிட்டு அவ்வூரில் அறக்கட்டளைகள் வைத்தனர். அவர்களும் இருங்கோளர் மகளார், விழுப்பரையர் மகளார், பழுவேட்டரையர் மகளார் என்று தம் தந்தையர் பெயரோடு குறிக்கப்படுகின்றனர். மாமியார் வகுத்த நெறியில் மருமக்கள் நின்றனர். பிற்காலத்தில், முதலாம் இராசேந்திரர் ஆட்சியில், அம்மையாரின் திருவுருவம் அக்கோயிலில் எழுந்தருளுவிக்கப்பட்டு வழிபாட்டுக்கு நிவந்தம் அமைந்தது. அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகரக் கலைக்கூடத்திலுள்ள ஒரு செப்புத் திருவுருவத்தை இவ்வம்மையாரின் வடிவம் என்று அறிஞர் பலர் கருதுவர்.

அம்மையாரின் திருப்பணி பற்றிய இறுதிக் காலச் செய்தி திருவக்கரையில் கிடைக்கின்றது. இராசராசரின் 16-ஆம் ஆட்சியாண்டு, அஃதாவது 1001. கற்குடியில் விளக்கேற்றி அப்போது அறுபது ஆண்டு கழிந்திருந்தது.

அவர் வகுத்த நெறி அவரோடு முடியவில்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில், தாம் கொடுத்தனவும், தமக்கையார் கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் எல்லாம் கல்லில் வெட்டுமாறு இராசராசர் ஆணையிட்டார். மன்னர் கொடைக்கும் மற்றவர் கொடைக்கும் ஒரே கல், ஒரே எழுத்து. திருமழபாடியில் விமானத்தைப் புதுக்குமாறு தம் 28-ஆம் ஆட்சியாண்டில் (1013) அவர் ஆணையிட்டபோது, பழைய சுவரின் சாசனங்களை முதலில் ஏட்டில் படியெடுக்குமாறும் பணித்தார். இராசேந்திரரின் 14-ஆம் ஆட்சியாண்டில் (1026) அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. மழபாடி, செம்பியன் மாதேவியார் பிறந்த மழநாட்டைச் சார்ந்த தலம் என்பது நினைத்தற்குரியது.

நமக்குரிய கடமை

நம் குடிகளில் நீத்தார் கடன் செய்யுங்கால் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறையினர் பெயரே கூறப்படும். அதற்கு மேற்பட்டோர் பெயர் பெரும்பாலும் எவர்க்கும் நினைவில் இல்லை. ஆயின் நம் ஊர்க் கோயிற் சுவரில் அவர்கள் இருத்தல் கூடும். இன்ன ஊரினன், இன்னான் மகன், இன்னான் மனைவி, இத்துணை ஆடு கொடுத்தான், இத்துணை குழி நிலம் விட்டாள் என்று அரசர் முதல் இடையர் ஈறாக எல்லாரும் அங்கே நிற்கின்றனர். ஊருக்கு ஊர் பாட்டன்மார் பெயரேடு அதுவே. அதனைக் காப்பதும் நீத்தார் கடனே.

ஆனால் இந்நாளில் நிகழ்வது யாது? கோயிலைத் தூய்மை செய்வதாக எண்ணி மணலை விசையோடு வீசிச் சுவரைத் தேய்த்தமையால் எழுத்து மழுங்கிய இடங்கள் பல. வண்ணம் பூசியும், சுண்ணாம்பு அப்பியும், பளபளக்கும் கல் பதித்து அதிட்டானத்தை மூடியும் சாசனங்களை மறைத்த இடங்கள் பல. பிரித்த கற்களைத் தலைகீழாக அடுக்கியும், படிக்கல்லாக இட்டும் சிதைத்த இடங்களும் உள. கல்வெட்டுத் துறையினர் 1880-களின் இறுதியிலிருந்து ஊர் ஊராகச் சென்று மைப்படி எடுத்து வந்தனர். அப்படிகளில் மட்டும் எஞ்சி, கல்லில் இன்று இல்லாத சாசனங்கள் உண்டு. இவற்றைச் செய்தோர் தீயவர் அல்லர். நல்லெண்ணத்தோடு பொருளும் உழைப்பும் தந்த அன்பர்களே. அன்பு இருந்தது, செம்பியன் மாதேவியார்க்கு இருந்த கருத்து இல்லை.

ஆகலின் திருப்பணிச் செல்வர்களுக்கு அடியேன் பணிந்து கூறுவன சில. பணி தொடங்கு முன்னர்ச் சுவர், தூண், அதிட்டானம், கிணற்றடி, மடைப்பள்ளி எங்கணும் எழுத்துள்ள கற்களைக் கண்டு, தேர்ந்தோரைக் கொண்டு படியெடுத்துப் புகைப்படமும் எடுத்து வைத்தல் வேண்டும். கல்லைப் பெயர்க்க நேரின் எண்ணிட்டுப் பெயர்த்து, அவ்வெண் வரிசையிலேயே மீண்டும் அமைத்தல் வேண்டும். நீரும் மென்மையான தூரிகையும் கொண்டே தூய்மை செய்தல் வேண்டும். புதிய உபயதாரர் பெயர்ப்பலகைகளைப் பழைய எழுத்தின்மேல் பதித்தல் ஆகாது. கட்டியோர், சிற்பியர், கல்தச்சர் பெயர்களையும் பொறித்தல் வேண்டும். ஊரின் முதியோர் தம் குடிவழியை அறிந்தவரை எழுதி வைத்தலும் நன்று.

இன்று நாம் பொறிக்கும் பெயர்களும் நாளை பழங்கற்களாகும். இன்னும் பல நூற்றாண்டு கழித்து இக்கோயிலைப் புதுக்க வருவார், நம் பெயரைக் காப்பரோ, கழிப்பரோ? நமக்கு முன்னோர் பெயரை நாம் நடத்தும் முறையே அவர்க்கு வழிகாட்டியாகும். பல்லவ அரசியின் பெயரைக் காத்த சோழ அரசியின் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்பது இம்முறையின் பயனே.

திருக்குடமுழுக்கைக் கண்டு இன்புறும் அன்பர்கள் அனைவரும், பொருள் உதவியோரும், மெய் வருந்திப் பணி செய்தோரும், எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருளால் நோயின்றி வாழ்க. அவர்தம் குடி வழிவழி சிறக்க. அவர்க்கு முன்னோர் ஏற்றிய விளக்குகள் என்றும் நின்று எரிக.

திருச்சிற்றம்பலம்